கோடு சரி, கோடு தெரிகிறதே!

டோபி காட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடைத்தொகுதியின் கீழ்த்தளக் கார்பார்க்குக்கு இறங்கினோம். என் காரின் இடப்பக்கப் பின்கதவைக் கண்டதும் நண்பர் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். நாலடி தள்ளிப்போய் நின்றும் பார்த்தார். “நல்லா ஏமாத்திட்டான்யா உன்னை” என்றார்.

வெள்ளி நிறக் கார், எட்டு வயது. போன மாதம் ஒரு வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்ததில் கதவு பள்ளமாகிவிட்டது. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் விட்டு, தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து வாங்கி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பட்டறை வாசலில் உச்சி வெயிலில் பார்த்தபோது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கதவு மட்டும் லேசாகப் பச்சை ஓடிய சாம்பலாய்த் தனித்து நின்றது. முன்கதவுக்கும் அதற்கும் இடையிலுள்ள இடுக்கு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறத்தையும் பிரித்துக் காட்டியது.

“கலர் கோடு கொடுத்தியா?”

“கொடுத்தேன்.”

“அப்புறமென்ன? கோடு கொடுத்தா கம்ப்யூட்டரே கலக்கிக் கொடுத்துடுது. அடிக்கிறவன் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. சேரலைன்னா ஒண்ணு மட்டப் பெயிண்ட், இல்லன்னா திருட்டு.”

நண்பர் படித்தவர், நிதானமானவர். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நிறம் என்பது ஓர் எண். எண் சரியென்றால் நிறம் சரி. நிறம் தப்பென்றால் ஆள் தப்பு. இந்த நம்பிக்கைக்கு ஒட்டிப் பிறந்த தம்பி ஒன்றும் உண்டு. இடிபட்ட கதவோடு நிறுத்தாமல் பக்கத்துக் கதவுக்கும் கொஞ்சம் அடிக்க வேண்டும் என்று பெயிண்டர் சொன்னால், அது காசு பிடுங்கும் வேலை. அண்ணன் சொல்வதும் தவறு, தம்பி சொல்வதும் தவறு என்பது என் கட்சி. அண்ணனாவது அறியாமை. தம்பி, வேலை தெரிந்தவனைத் திருடனாக்கும் அநியாயம்.

முதலில் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். டொயோட்டா காரில் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் ‘சி/டிஆர்’ என்று போட்டு ஒரு சிறிய எண் இருக்கும். 040 என்றால் சாதா வெள்ளை, 070 என்றால் முத்து வெள்ளை. தொழிற்சாலை இந்த வண்டிக்கு எந்த நிறம் அடிக்க நினைத்தது என்பதை அது சொல்லும். அடித்தபின் என்னவாக வந்தது, எட்டு வருஷ வெயிலுக்கும் மழைக்கும் பிறகு இன்றைக்கு என்னவாக இருக்கிறது என்று அந்தத் தகட்டுக்குத் தெரியாது. பிறந்தபோது இருந்த எடையை வைத்துக்கொண்டு ஐம்பது வயது ஆளுக்குச் சட்டை தைக்கச் சொல்கிறோம். சேரவில்லை என்றால் தையல்காரரைத் திட்டுகிறோம்.

அந்தப் பிறப்பு எடையே ஒன்றல்ல. ஒரே கோடு கொண்ட காரை வெவ்வேறு நாட்டுத் தொழிற்சாலைகள் வெவ்வேறு ஆண்டுகளில் அடிக்கின்றன. ஒரு தொகுதிப் பெயிண்டுக்கும் அடுத்த தொகுதிக்கும் சின்ன வேறுபாடு இருக்கவே செய்யும். பழுதுபார்ப்புக்குப் பெயிண்ட் விற்கும் கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒரே கோடுக்கு மூலச் சூத்திரம் போக, சற்று மஞ்சள் கூடியது, சற்று நீலம் கூடியது, துகள் பருத்தது என்று பல மாற்றுச் சூத்திரங்களை வைத்திருக்கிறார்கள். நல்ல பட்டறையில் இவற்றின் மாதிரி அட்டைகள் விசிறிபோல் ஒரு கொத்தாகத் தொங்கும். கோடு ஒன்றே போதும் என்றால், பெயிண்ட் விற்பவனே எதற்காக இத்தனை அட்டையை அச்சடித்துக் கொடுக்கிறான்?

இது நிறத்தைப் பற்றிய சங்கதி மட்டும். வெள்ளி, சாம்பல், முத்து என்று வந்துவிட்டால் கதை வேறு. வெள்ளி நிறப் பெயிண்டில் இருப்பது நிறமல்ல, கண்ணாடி என்றே சொல்லலாம். கண்ணுக்குத் தனித்தனியாகப் பிடிபடாத மெல்லிய அலுமினியச் செதில்கள் அதில் மிதக்கின்றன. அடித்த பெயிண்ட் காய்வதற்குள் அவை எப்படிப் படுத்துக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே நாம் காணும் நிறம். ஸ்ப்ரே கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வேகமாக, உலர்வாக அடித்தால் செதில்கள் மேற்பரப்பில் சமமாகப் படியும். நேரே பார்க்கும்போது வெளிறி மின்னும், சாய்த்துப் பார்த்தால் கறுக்கும். கிட்டப் பிடித்து ஈரமாக அடித்தால் அவை உள்ளே மூழ்கித் தாறுமாறாக நிற்கும். நேரே பார்த்தால் மங்கல், சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம். பெயிண்ட் ஒரே டின்தான், கன்னும் ஒன்றுதான். கை மாறினால் நிறம் மாறிவிடுகிறது. எந்த எண்ணில் இதை எழுதிவைப்பீர்கள்?

தொழிற்சாலையில் இந்த வேலையைச் செய்வது ரோபோ. வேகமாகச் சுழலும் மணிபோன்ற முனையிலிருந்து பெயிண்டைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து, மின்னேற்றி, உடலோடு ஒட்டவைக்கும். பிறகு கிட்டத்தட்ட 140 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். அப்போது அது வெறும் இரும்புக் கூடு. பட்டறைக்கு வருவது ஒயர், ரப்பர், பிளாஸ்டிக், சீட்டு எல்லாம் பூட்டிய முழுக்கார். அதை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெயிண்டே வேறு வகை, அடிக்கும் முறை வேறு, சூடும் வேறு. நிறம் தரும் நடு அடுக்கின் கனம் சுமார் 15 மைக்ரான். நம் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70. முடியில் ஐந்தில் ஒரு பங்கு கனமுள்ள அடுக்கைக் கையால் அடித்து, ரோபோ அடித்ததோடு சேர்ப்பவனைப் பார்த்துத்தான் ‘இதில் என்ன கஷ்டம்’ என்று கேட்கிறோம்.

சாதா நிறங்களில் இந்தப் பாடு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிட்டிகேப் டாக்சியின் மஞ்சளில் செதிலும் கிடையாது, முத்தும் கிடையாது. கோடை வைத்துக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். நம் நம்பிக்கை சாதா நிறங்களே ஓடிய காலத்திலிருந்து வந்த மிச்சம் என்று நினைக்கிறேன். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. அதற்கு ‘மேட்சிங்’ ஒரு கேடா? 1920களில் டூபான்ட் கம்பெனியின் டியூக்கோ வந்த பிறகுதான் விதவிதமான நிறங்கள் சீக்கிரம் காய்ந்து மலிவாக ஓடத் தொடங்கின. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் டியூக்கோ என்ற பெயர் கார் பெயிண்டுக்கே பொதுப் பெயராகிப்போனது. இதே டோபி காட்டை ஒட்டிய ஆர்ச்சர்ட் ரோட்டில் கார் ஷோரூம்கள் வரிசையாக இருந்த காலத்திலும் கண்ணாடிக்குள் நின்றவை பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒற்றை நிற வண்டிகள்தாம். ஷோரூம்கள் லெங் கீ ரோட்டுப் பக்கம் போய்விட்டன, நிறங்களும் எங்கேயோ போய்விட்டன. மாஸ்டாவின் சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒளியைத் திருப்பும் அடுக்கு, அதன்மேல் ஊடுருவித் தெரியும் சிவப்பு, அதற்கும் மேல் ‘கிளியர்’ என்னும் நிறமற்ற அடுக்கு. நடு அடுக்கு ஒரு கை கூடினாலே சிவப்பு கறுத்துப்போகும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் டோபி காட்டில் நின்று பேசுவதற்கு அர்த்தமில்லை. பிராஸ் பாசா ஓடை இங்கே திறந்து ஓடிய காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்துப் பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். இடத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவர்கள். நம் மொழியில் வண்ணார் என்ற சொல்லுக்குள்ளேயே வண்ணம் உட்கார்ந்திருக்கிறது. புல்வெளியில் விரித்தது காய்வதற்கு மட்டுமில்லை, வெயில் வெளுத்துக் கொடுக்கும் என்பதற்காகவும்தான். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கும் ஊரில் அந்த வெயில் இன்றைக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. அன்றைக்கு வேட்டியை வெளுத்தது, இன்றைக்கு பானட்டை வெளுக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பலமாடிக் கார்பார்க்கின் மேல்தளத்தில் இடம் கிடைத்தவனின் காரையும் கீழ்த்தளத்தில் நிறுத்துபவனின் காரையும் எட்டு வருஷம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடு ஒன்றாக இருக்கும், கார் ஒன்றாக இருக்காது. ஒரே காரிலும் கூரை வேறு, கதவு வேறு. வாகன உரிமைச் சான்றிதழின் பத்து வருஷம் முடிவதற்குள் எத்தனை கார்களின் கூரையில் கிளியர் தோல் உரிந்து கிடக்கிறது!

பழைய வேட்டியில் கிழிசல் விழுந்தால் கடையிலிருந்து புதுத் துணி வாங்கி யாராவது ஒட்டுப் போடுவார்களா? அதே வேட்டியின் ஓரத்திலிருந்து வெட்டுவார்கள், இல்லை அதே அளவு துவைத்துப் பழகிய துணியைத் தேடுவார்கள். துணியில் நமக்கு இருக்கும் இந்தச் சின்ன அறிவு காருக்கு வந்ததும் எங்கே போகிறது?

“சரி, கோடு வேண்டாம், கேமரா இருக்கே?” என்பார்கள் அடுத்தபடி. இருக்கிறது. காரின்மேல் வைத்து அழுத்தினால் பல கோணங்களில் ஒளி பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளந்து, பல்லாயிரம் சூத்திரங்களில் எது மிக நெருக்கம் என்று சொல்லும் கருவி. நல்ல கருவி. கண்ணால் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் ஆகும் நேரத்தை அது மிச்சப்படுத்துகிறது. வித்தியாசத்தை டெல்ட்டா ஈ என்ற எண்ணில் கொடுக்கும். ஒன்றுக்குக் கீழே போனால் கண்ணுக்குப் பிடிபடுவது சிரமம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அது ‘மிக நெருக்கம்’ என்கிறதே தவிர ‘அதுவேதான்’ என்று சொல்வதில்லை. தூசியும் பழைய மெழுகும் படிந்த இடத்தில் வைத்தால் தூசியையும் மெழுகையும் சேர்த்தே அளக்கும். அதைவிட முக்கியம், பெயிண்டை அடிக்கப் போகும் கை எது என்று அதற்குத் தெரியாது.

கைக்காரர் என்ன செய்கிறார் என்பதைக் காக்கி புக்கிட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், வந்து பதினோரு வருஷம் ஆகிறதாம். முதலில் முன்கதவில் உள்ளங்கையளவு இடத்தைப் பாலிஷ் போட்டுத் துடைத்தார். “வண்டி மூஞ்சியைக் கழுவிட்டுத்தாண்ணே பாக்கணும்.” பிறகு சூத்திரப்படி கலக்கிய பெயிண்டைக் கதவில் அடிக்கவில்லை. விளையாட்டுச் சீட்டைவிடச் சற்றுப் பெரிய உலோக அட்டை ஒன்றில் அடித்தார். காரில் எப்படி அடிப்பாரோ அதே தூரம், அதே வேகம், அதே எண்ணிக்கை. காய்ந்ததும் மேலே கிளியர். கிளியர் ஏறாத பெயிண்ட் பொய் சொல்லும் என்றார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்து மங்கியபின் ஒரு நிறம், கிளியர் ஏறியதும் ஆழ்ந்து இன்னொரு நிறம். அந்த அட்டையை முன்கதவின்மேல் ஒட்டி வைத்து வாசலுக்குப் போய் நின்றார், பக்கவாட்டில் வந்து பார்த்தார், பிறகு நிழலில் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். தராசில் டின்னை வைத்து இரண்டு சொட்டு வேறேதோ சேர்த்தார். மறுபடி அட்டை. மூன்றாவது அட்டையில்தான் “கிட்ட வந்துடுச்சு” என்றார். ‘வந்துடுச்சு’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அட்டையின் பின்புறம் காரின் மாடலையும் ‘2 ஈரம் 1 தூவல்’ என்பதையும் பேனாவால் எழுதி, ஓரத்தில் துளை போட்டு, சுவரில் இருந்த கம்பியில் கோத்தார். கம்பியில் நூற்றுக்கும் மேல் தொங்கின. அந்தப் பட்டறையின் உண்மையான கம்ப்யூட்டர் அந்தக் கம்பிதான்.

அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார்: “அண்ணே, முன்கதவுல பாதி, பின்னாடி ஃபெண்டர்ல கொஞ்சம், கலரை ஓட விட்டுடுவோமா?”

இதுதான் பிளெண்ட். நிறத்தை இடிபட்ட கதவோடு கத்தரித்து நிறுத்தாமல், பக்கத்துப் பலகைக்குள் போகப்போகக் குறைத்துக் கரைத்துவிடுவது. கடைசியில் அந்தப் பலகை முழுவதற்கும் கிளியர் அடித்து மூடுவது. எங்கே புதியது முடிந்தது, எங்கே பழையது தொடங்கியது என்று கண்ணால் சொல்ல முடியாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கதவை மட்டும் அடி தம்பி, போதும்.” மூன்று பலகைக்குக் காசு கேட்கிறான் என்று மனத்துக்குள் ஒரு சிரிப்பு வேறு. அவர் வாதாடவில்லை. “சரிண்ணே” என்றார். டோபி காட்டில் நண்பர் கண்டுபிடித்த திருட்டு அவருடையதல்ல, என் கஞ்சத்தனம். இதை அங்கேயே நண்பரிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளெண்டை ஏமாற்று வேலை என்பவர்கள் ஒரு பிரெஞ்சுக்காரரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாரிஸின் கோபலான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷெல் யூஜீன் செவ்ரல். அங்கே சாயமேற்றும் கறுப்பு மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் கோளாறில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை மங்கலாகக் காட்டியது. இரண்டு நிறங்கள் ஒட்டி நிற்கும்போது கண் அவற்றின் வித்தியாசத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறது என்று 1839இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். கார்க் கதவில் நடப்பதும் அதுதான். என் பின்கதவைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, காரை இன்னோர் இடத்தில் நிறுத்தினால் நிறம் வேறு என்று நண்பரால் சொல்லியிருக்க முடியாது. ஒட்டி நிற்பதால் தெரிகிறது. ஒட்டும் இடத்தைக் கரைத்துவிட்டால் அதே வித்தியாசம் இருந்தும் இல்லாததாகிறது. கண்ணின் குணத்தை அறிந்து செய்கிற வேலை அது. கோடு எவ்வளவு சரியானாலும் இந்தக் கோட்டை அழிக்க முடியாது.

கீழ்த்தள வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டு. தொழிற்சாலைப் பெயிண்டும் பட்டறைப் பெயிண்டும் வெவ்வேறு நிறமிகளால் ஒரே நிறத்தை எட்டுகின்றன. வெயிலில் எல்லா நிற ஒளியும் தாராளமாக இருப்பதால் இரண்டும் ஒத்துப்போகும். எல்இடி வெளிச்சத்தில் நீலத்தில் ஒரு கூர்மையான உச்சமும் மஞ்சளை ஒட்டி ஒரு மேடும் இருக்கும், நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் விழும் நிறமி சத்தமில்லாமல் காலை வாரிவிடும். புடவைக்கடையில் மேட்ச் பார்த்து எடுத்த ஜாக்கெட் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிற நம் அம்மாக்களுக்கு இது தெரியும். சிராங்கூன் ரோட்டில் இன்றைக்கும் ஜவுளிக்கடைப் படியில் நின்று துணியை வெயிலில் பிடித்துப் பார்ப்பவர்களைக் காணலாம். கார் எடுக்கப் போகிற ஆண்கள் மட்டும் ரசீதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாத இடத்தில் பிளெண்ட் என்று எழுதிக் காசு வாங்கும் பட்டறைகளும் இருக்கும். இன்னொரு நியாயமும் உண்டு: அடிபடாத பலகையின் தொழிற்சாலைப் பெயிண்டின்மேல் இன்னோர் அடுக்கு ஏறுகிறது. நாளைக்கு விற்கப் போனால் வாங்குபவர் கனம் அளக்கும் மீட்டரை வைப்பார், 50 மைக்ரான் கூடக் காட்டும், ‘இந்தக் கதவும் அடிபட்டதா’ என்று விலையைக் குறைப்பார். இது உண்மையான நஷ்டம்தான். ஆனால் மீட்டர் வைத்துப் பார்ப்பவர் ஒருவர். சும்மா நின்று பார்ப்பவர்கள் தெரு முழுக்க. சந்தேகம் இருந்தால் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சோதனை அட்டையைக் காரின்மேல் வைத்து, வெயிலிலும் விளக்கிலும் காட்டி, ‘இந்த வித்தியாசம் மிச்சமிருக்கு, அதனால் ஓட விடணும்’ என்று சொல்லத் தெரிந்தவரிடம் கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாம். அட்டையே இல்லாமல் ‘கோடு போட்டுட்டோம் சார், நூறு சதம் சேரும்’ என்கிறவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். நாமோ இரண்டாமவரை நம்புகிறோம், முதலாமவரைச் சந்தேகப்படுகிறோம். காப்புறுதி மதிப்பீட்டில் பக்கத்துப் பலகை என்ற வரியைச் சிவப்பு மையால் அடிப்பவர்களும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். அடித்த பிறகு வரும் ‘கலர் சேரலை’ என்ற புகார் மட்டும் பெயிண்டர் தலையில் விடியும்.

அடுத்த ஞாயிறு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். முத்து வெள்ளையில் புதுக் கார், எடுத்து மூன்று மாதம். இடம் கிடைக்காமல் கார்பார்க்கின் மேல்தளத்தில் நிறுத்தியிருந்தார். காலை பத்து மணி, வெயில் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. முன்பக்க மூலையில் பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தைக் காட்டி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள் என்றேன்.

பம்பர் பிளாஸ்டிக். அதை இரும்பு உடலோடு சேர்த்து 140 டிகிரியில் வைக்க முடியாது. பெரும்பாலும் தனியாக, வேறு பெயிண்டில், குறைந்த சூட்டில் அடித்துக் கொண்டுவந்து பூட்டுகிறார்கள். கோடு ஒன்றுதான்.

நண்பர் குனிந்தார். எழுந்து நாலடி தள்ளிப் போனார். திரும்பி வந்து பம்பரைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது எப்ப இடிச்சது?”

“இடிக்கலை. ஷோரூம்லேருந்து வந்தப்பவே இப்படித்தான் இருந்திருக்கும்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அந்தக் காக்கி புக்கிட் தம்பி நம்பர் இருக்கா?” என்றார்.